நூற்றுக்கு மூன்று: இந்திய அணுமின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்பாக்கம், கூடங்குளம் என்ற பெயர்களைக் கேள்விப்படாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மதில்களுக்குள் என்ன நடக்கிறது, எழுபது வருடத்தில் இந்தத் துறை எதைச் சாதித்தது, எங்கே கோட்டை விட்டது என்று கேட்டால் பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் "வல்லரசு", இன்னொரு பக்கம் "சுடுகாடு". இரண்டுக்கும் நடுவில் நின்று, நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிப் பார்க்கிறேன்.

இந்தியாவில் மொத்தம் எத்தனை அணு உலைகள் ஓடுகின்றன?

2025 நிலவரப்படி ஏழு இடங்களில் 24 மின் உலைகள், பழுதுபார்க்க நிறுத்தி வைத்த சிலவற்றையும் சேர்த்து. மகாராஷ்டிராவில் தாராப்பூர், ராஜஸ்தானில் ராவத்பாட்டா, உத்தரப் பிரதேசத்தில் நரோரா, குஜராத்தில் காக்ராபார், கர்நாடகாவில் கைகா, நம்மூரில் கல்பாக்கமும் கூடங்குளமும். மொத்தத் திறன் 8,780 மெகாவாட். ராவத்பாட்டாவின் முதல் உலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது 2004-லிருந்தே ஓடவில்லை.

இதில் 2,440 மெகாவாட் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதாவது கால் பங்குக்கும் மேல்.

அப்படியானால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறதா?

இல்லை. நூற்றுக்கு மூன்று. அவ்வளவுதான். 2024-25-ல் அணுமின் நிலையங்கள் 5,600 கோடி யூனிட்டுக்கு மேல் தயாரித்தன, அதுவரை இல்லாத அளவு. அப்படியும் பங்கு மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. மீதியில் பெரும்பகுதி நிலக்கரி.

இவ்வளவு விஞ்ஞானிகள், இவ்வளவு பெருமை, இவ்வளவு சண்டை, கடைசியில் மூன்று சதவீதமா என்று கேட்கத் தோன்றும். கீழே வருகிற பதில்களில் பாதி அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இதை ஆரம்பித்தது யார்?

ஹோமி பாபா. பம்பாயின் பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்த இயற்பியலாளர், நேருவுக்கு மிக நெருக்கமானவர். சுதந்திரம் கிடைத்த மறு வருடமே, 1948-ல், அணுசக்தி ஆணையம் வந்துவிட்டது. 1954-ல் அணுசக்தித் துறை தனியாக உருவானது, அதுவும் நேரடியாகப் பிரதமரின் கையில். இன்றுவரை அப்படித்தான். எந்தப் பிரதமர் வந்தாலும் இந்தத் துறையை வேறு மந்திரிசபை சகாவிடம் கொடுத்துவிடுவதில்லை.

1956 ஆகஸ்ட் 4 அன்று பம்பாயின் டிராம்பேயில் 'அப்சரா' இயங்கத் தொடங்கியது. ஒரு நீச்சல் குளத்துக்குள் இறக்கி வைத்த சின்ன ஆய்வு உலை. எரிபொருள் பிரிட்டன் கொடுத்தது. சோவியத் யூனியனைத் தவிர்த்துப் பார்த்தால் ஆசியாவில் அதுதான் முதல் உலை.

பாபாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. நாளையைப் பற்றிப் பேசினால் கை தாராளம். 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். அங்கே, இன்னும் இருபது வருடத்துக்குள் அணுக்கரு இணைவையும் (சூரியனுக்குள் நடப்பது அதுதான்) கட்டுப்படுத்தி மின்சாரம் எடுத்துவிடுவோம் என்ற பொருளில் பேசினார். எழுபது வருடம் ஆகிவிட்டது, உலகம் இன்னும் காத்திருக்கிறது. அவர் 1966 ஜனவரியில் ஆல்ப்ஸ் மலையில் மோதிய விமானத்தில் இறந்தார். தேதிகளை அள்ளிவிடும் அந்தப் பழக்கம் துறையிலேயே தங்கிவிட்டது.

முதல் அணுமின் நிலையம் எது?

தாராப்பூர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கட்டிக் கொடுத்த இரண்டு கொதிநீர் உலைகள், 1969 அக்டோபரில் வணிக ரீதியாக ஓடத் தொடங்கின. முதலில் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். பிறகு கோளாறுகளால் 160-ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இவற்றுக்குச் செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதாகப் பிளக்கும் பகுதியைக் கூட்டிய யுரேனியம், வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து வந்தாக வேண்டும். ஆரம்பத்தில் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

1974-ல் அப்படி என்ன மாறியது?

அந்த வருடம் மே 18 அன்று பொக்ரானில் முதல் அணுகுண்டுச் சோதனை. "அமைதிக்கான வெடிப்பு" என்று அரசு சொன்னது. அதற்குத் தேவையான புளூட்டோனியம், கனடா உதவியோடு டிராம்பேயில் கட்டிய 'சைரஸ்' ஆய்வு உலையிலிருந்து வந்தது. சமாதானக் காரியத்துக்கு என்று கொடுத்த உலையை வைத்து வெடிகுண்டு செய்தால் கொடுத்தவன் சும்மா இருப்பானா?

கனடா உடனே கையைக் கழுவியது. அப்போது ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் இரண்டாவது உலை அரைகுறையாக நின்றது. அதை நம் ஆட்களே முடித்து, 1981-ல்தான் ஓட்ட முடிந்தது. அமெரிக்கா தாராப்பூருக்கு எரிபொருள் அனுப்புவதை இழுத்தடித்து, பிறகு நிறுத்தியே விட்டது. பிரான்ஸ், சீனா, ரஷ்யா என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த முப்பத்து நான்கு வருடம் இந்தத் துறை ஒரு தீவு. வால்வு வேண்டுமா, பம்பு வேண்டுமா, எல்லாம் உள்ளூரிலேயே செய்து பார். முதல் முறை சரியாக வராது. இரண்டாவது முறையும் வராது. இந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதே தனிமைதான் "எங்களுக்கு எல்லாம் தெரியும், வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க வேண்டாம்" என்ற மனோபாவத்தையும் வளர்த்தது.

நம் உலைகள் "கன நீர் உலை" என்கிறார்களே, அது என்ன?

தோண்டி எடுக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மற்ற நாடுகள் அதைச் செறிவூட்டி 3, 4 சதவீதம் ஆக்கி எரிக்கின்றன. அந்த வசதி நம்மிடம் பெரிய அளவில் இல்லை. செறிவூட்டாமல் அப்படியே எரிக்க வேண்டுமென்றால், அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களை விழுங்காமல் அவற்றின் வேகத்தை மட்டும் தணிக்கும் ஒரு திரவம் தேவை. அதுதான் கன நீர். பார்க்கச் சாதாரணத் தண்ணீர்தான், ஆனால் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் இருக்கும். அதைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. ஒரு காலத்தில் தூத்துக்குடியில்கூட, உரத் தொழிற்சாலையை ஒட்டி, கன நீர் ஆலை இருந்தது. 1978-ல் தொடங்கியது.

உலைக்குள் என்ன இருக்கும் என்று கற்பனை செய்ய ஒரு அளவு சொல்கிறேன். 220 மெகாவாட் உலையின் எரிபொருள் ஒரு கட்டு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம், அரை மீட்டர். மெல்லிய 19 குழாய்களைச் சேர்த்துக் கட்டிய விறகுக் கட்டு மாதிரி. குழாய்களுக்குள் யுரேனியம் ஆக்சைடு மாத்திரைகள். ஒரு கட்டின் எடை ஏறக்குறைய ஒரு கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸின் எடைக்குக் கொஞ்சம் கூட. படுக்கை வாட்டில் 306 குழல்கள், ஒவ்வொன்றிலும் 12 கட்டுகள், ஆக 3,672 கட்டுகள். தீர்ந்த கட்டை மாற்ற அடுப்பை அணைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இயந்திரம் புதியதைத் தள்ளும், மறு பக்கத்தில் இன்னொரு இயந்திரம் பழையதை வாங்கிக்கொள்ளும். உலை ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் கைகாவின் முதல் உலை 2016 மே மாதம் தொடங்கி 2018 டிசம்பர் 31 வரை, 962 நாள் நிற்காமல் ஓடி அன்றைக்கு உலக சாதனை படைத்தது. பிறகு கனடாவின் ஒரு உலை, அதுவும் கன நீர் உலைதான், அதை முறியடித்தது.

கல்பாக்கத்தின் முக்கியத்துவம் என்ன?

வெளிநாட்டுக் கை இல்லாமல் முழுக்க நாமே கட்டிய முதல் அணுமின் நிலையம் அது. முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் பழைய கோட்டை இருக்கிறதே, அதற்கு வடக்கே கடற்கரையோரம்தான் நிலையம். குளிர்விக்கத் தேவையான கடல்நீரைக் கரையிலிருந்து எடுப்பதில்லை. கடலுக்குள் சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு, அங்கிருந்து கடல் தரைக்கு அடியில் சுரங்கம், அதன் வழியாகப் பம்பு வீட்டுக்குத் தண்ணீர் வரும். இந்தச் சுரங்கத்துக்குப் பெரிய எதிரி எதிரி நாட்டு ஏவுகணையெல்லாம் கிடையாது. சொறி மீன். மீனவர்கள் சொறி என்றும் பாடப் புத்தகங்கள் ஜெல்லி மீன் என்றும் சொல்லும் அந்தக் கொழகொழப் பிராணி கூட்டமாக வந்து வடிகட்டித் திரைகளை அடைத்துக்கொள்ளும். சுரங்கச் சுவரில் சிப்பிகள் வேறு ஒட்டி வளரும், அதற்கு குளோரின் விட வேண்டும். உலகத்தரமான அணு விஞ்ஞானிகளோடு கடல் உயிரியல் ஆட்களும் அங்கே வேலை பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தச் சுரங்கம் வழியாகவே பம்பு வீட்டுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை நிறுத்தினார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊழியர் குடியிருப்பில் அலை உயிர்களைக் கொண்டுபோனது. பக்கத்தில் புதிய ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளம் கடல்நீரால் நிரம்பியது.

"ஈனுலை" என்கிறீர்களே, அது தோரியம் உலையா?

இல்லை, ஆனால் அதற்கான வழி. பாபா 1950-களில் போட்ட மூன்று கட்டத் திட்டத்தைப் புரிந்துகொண்டால் இது விளங்கும்.

நம்மிடம் யுரேனியம் குறைவு, தரமும் சுமார். ஜார்க்கண்டின் ஜாதுகுடா, ஆந்திராவின் தும்மலப்பள்ளி என்று சில சுரங்கங்கள். தோரியம் மட்டும் கொள்ளையாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா, ஒடிசாக் கடற்கரை, இங்கெல்லாம் மணலில் மோனசைட் என்ற தாதுவாகக் கலந்து கிடக்கிறது. சிக்கல் என்னவென்றால் தோரியத்தை நேரடியாக எரிக்க முடியாது. ஈர விறகு மாதிரி. வேறொரு நெருப்பில் வைத்து உலர்த்தினால்தான், அதாவது நியூட்ரான் பட்டு யுரேனியம்-233 ஆக மாறினால்தான், பற்றும்.

ஆகவே முதல் கட்டம், கன நீர் உலைகளில் யுரேனியத்தை எரித்து, மிச்சத்தில் கிடைக்கும் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுப்பது. இரண்டாவது, அந்தப் புளூட்டோனியத்தை அதிவேக ஈனுலையில் போட்டு, எரிப்பதைவிட அதிக எரிபொருளை 'ஈன' வைப்பது. மூன்றாவது, தோரியம். காகிதத்தில் இதைவிட அழகான திட்டத்தைப் பார்க்க முடியாது.

நடைமுறையில்? கல்பாக்கத்தில் சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கியது. அடிப்படை வடிவமைப்பு பிரான்சிலிருந்து வந்தது. 1974-க்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் கிடைக்காது என்றானதும், புளூட்டோனியம்-யுரேனியம் கார்பைடு என்ற கலவையை நம் ஆட்களே செய்து ஓட்டினார்கள். உலகில் வேறு யாரும் அதை முழு எரிபொருளாகப் பயன்படுத்தியதில்லை. அது உண்மையான சாதனை.

அடுத்ததாக 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை. 2004-ல் கட்டுமானம் தொடங்கியது, 2010-ல் மின்சாரம் என்றார்கள். பிறகு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் நேரில் வந்து, உலை மையத்தை நிரப்பும் பணியைத் தொடங்கி வைத்தார். அந்தக் கட்டத்துக்கு வரவே இருபது வருடம். அதற்குள் 3,492 கோடி ரூபாய் மதிப்பீடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. இந்த உலையில் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் கிடையாது, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆயிரம் டன்னுக்கும் மேலான சோடியத்தைக் குழாய்களில் ஓட விடும்போது ஒரு வெல்டிங் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரான்சும் ஜப்பானும் பெரிய ஈனுலைகளைக் கட்டிவிட்டுக் கைவிட்டன. ரஷ்யா மட்டும் விடாமல் ஓட்டுகிறது. தோரியத்தில் மின்சாரம் என்பது என் ஆயுளில் பெரிய அளவில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கூடங்குளம் எப்படி வந்தது?

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். மூன்று வருடத்தில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது, ராஜீவும் கொலை செய்யப்பட்டார். திட்டம் தூங்கியது. 1998-ல் ரஷ்யாவோடு மறுபடி ஒப்பந்தம், 2002-ல் கட்டுமானம், 2013 ஜூலையில் முதல் உலை இயங்கியது. வணிக உற்பத்தி 2014 கடைசி நாளில். இரண்டாவது உலை 2017 மார்ச்சில். தலா 1,000 மெகாவாட், நாட்டிலேயே பெரிய உலைகள் இவைதான். கையெழுத்திலிருந்து கரண்டுக்கு இருபத்தைந்து வருடம்!

இப்போது அதே வளாகத்தில் இன்னும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன. 3, 4-க்கு 2017-லும், 5, 6-க்கு 2021-லும் முதல் கான்கிரீட் போட்டார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றி வந்த மிதவைக் கப்பல் இழுவைக் கயிறு அறுந்து, கூடங்குளம் கடலோரப் பாறையில் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 300 டன். பல நாள் பாடுபட்டுத்தான் மீட்டார்கள்.

அங்கே மக்கள் ஏன் அப்படிப் போராடினார்கள்?

"யாரோ தூண்டிவிட்டார்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2004-ல் அந்தக் கரையே சுனாமியில் அடி வாங்கியது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைக் கட்டடங்கள் வெடிப்பதை வீட்டு டிவியில் பார்த்தார்கள். அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில், எரிபொருள் போடாமல் முதல் உலையைச் சூடாக்கிச் சோதித்தபோது, நீராவி வெளியேறும் பெரும் இரைச்சல் சுற்று வட்டார ஊர்களை உலுக்கியது. இது வழக்கமான சோதனை, பயப்பட ஒன்றுமில்லை என்று மக்களுக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் போட்டார்கள். சுப. உதயகுமாரனும் மீனவ ஊர்களும், குறிப்பாகப் பெண்கள், மாதக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கூடிய கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி, கண்ணீர்ப் புகை. அன்றே மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு போட்டார்கள். உட்கார்ந்து ஜெபம் சொன்ன பாட்டிகள் மீது தேசத்துரோகம் என்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை, அணுமின்சாரத்துக்கு நான் எதிரி இல்லாதபோதும்.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி கொடுத்தது. கூடவே 15 நிபந்தனைகள். வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

கூடங்குளம் கரண்ட் நமக்கு எவ்வளவு வருகிறது?

முதல் இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 925. கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67, மத்திய அரசின் கையிருப்பு 300. உலை நின்றால் ஈ.பி.காரர்களுக்கு முதலில் வியர்ப்பது இதனால்தான். ஒரே அடியில் அத்தனை மெகாவாட் காணாமல் போகும்.

இந்தியாவில் பெரிய அணு விபத்து நடந்திருக்கிறதா?

செர்னோபில் மாதிரி இல்லை. ஆனால் ஒரு முறை மிக அருகில் போய் வந்தோம். நரோரா, 1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி.

முதல் உலையின் டர்பைனில் இரண்டு இறக்கைகள் முறிந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெய் எரிந்தது, தீ கேபிள்கள் வழியே பரவியது. முக்கிய கேபிளும் மாற்று கேபிளும் ஒரே பாதையில் போயிருந்தன. ஒன்று எரிந்தால் இன்னொன்று காப்பாற்றும் என்பதுதான் ஏற்பாடு, இரண்டும் சேர்ந்தே கருகின. நிலையம் முழுக்க இருட்டு. கட்டுப்பாட்டு அறையில் புகை நிரம்பி ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

உலையை நிறுத்திவிட்டார்கள்தான். ஆனால் நிறுத்திய பிறகும் உலைக்குள் வெப்பம் சுரந்துகொண்டே இருக்கும். அதை வெளியே எடுக்க பம்பு ஓடியாக வேண்டும், பம்புக்குக் கரண்ட் இல்லை. சில ஊழியர்கள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து, தொடர்வினை மறுபடி தலைதூக்காமல் இருக்க போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளை வைத்துக் குளிர்வித்தார்கள். மின்சாரம் திரும்ப வர 17 மணி நேரம் ஆனது. கதிர்வீச்சு வெளியே பரவவில்லை. அணு விபத்துகளுக்கான சர்வதேச அளவுகோலில் ஏழுக்கு மூன்று. அந்த வகை டர்பைன் இறக்கைகளில் குறை இருக்கிறது என்று உற்பத்தியாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

மற்றவை சிறியவை. கைகாவில் 1994-ல் கட்டிக்கொண்டிருந்த கவசக் கூரை பெயர்ந்து விழுந்தது. 2003 ஜனவரியில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். 2009-ல் கைகாவில் யாரோ குடிநீர்த் தொட்டியில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கன நீரை ஊற்றிவிட்டார்கள். 2019-ல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் உளவு மென்பொருள் புகுந்தது. அப்படி எதுவும் இல்லை என்று முதலில் மறுப்பு வந்தது, மறுநாளே ஆமாம் என்று ஒப்புதல். எனக்கு அந்த மென்பொருளைவிட அந்த ஒரு நாள் இடைவெளிதான் உறுத்துகிறது.

கண்காணிக்க யாரும் இல்லையா?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-லிருந்து இருக்கிறது. ஆனால் அது பதில் சொல்வது அணுசக்தி ஆணையத்துக்கு, ஆணையத்தின் தலைவரே துறையின் செயலாளர். மாமியாரே நீதிபதி. 2012-ல் தணிக்கைத் துறையும் இதைச் சுட்டிக்காட்டியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. பல் இருக்கிறதா என்பது முதல் முறை அது ஒரு பெரிய உலையை நிறுத்தச் சொல்லும்போது தெரியும்.

கழிவை எங்கே கொட்டுகிறார்கள்?

கொட்டுவதில்லை. எரிந்த கட்டுகளை முதலில் சில வருடம் தண்ணீர்க் குளத்தில் ஆற வைப்பார்கள். பிறகு டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆலைகளில் கரைத்து, புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்துவிட்டு, மிச்சமாகும் கடும் கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியாக உருக்கி எஃகுக் கலனில் அடைப்பார்கள். ஆயிரக்கணக்கான வருடத்துக்கு அதைப் பூமியின் ஆழத்தில் புதைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இந்தியாவில் இன்னும் இல்லை. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை வளாகத்துக்குள்ளேயே சேமிக்கும் கிடங்கைக் கட்டி முடிக்கும் கெடு தள்ளித் தள்ளிப் போய், அதுவும் உச்ச நீதிமன்றப் படி ஏறியது.

அணுமின்சாரம் மலிவா?

பழைய உலை மலிவு, புதிய உலை அப்படி இல்லை. கடன் அடைந்துபோன கல்பாக்கம் போன்ற நிலையங்களின் மின்சாரம் நீண்ட காலம் யூனிட் மூன்று ரூபாய்க்குள்தான். கூடங்குளம் நான்கு ரூபாய் அளவில். எரிபொருள் செலவு சொற்பம், கட்டும் செலவும் அதற்கான வட்டியும்தான் ஆளை விழுங்கும். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்று தொடங்கி 22,462 கோடியில் முடிந்தது. 3, 4-க்குச் சுமார் 39,800 கோடி. ஒவ்வொரு வருடத் தாமதமும் வட்டியாக நம் பில்லில் ஏறும்.

2008-ல் அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக ஆட்சியே ஆட்டம் கண்டதே, பலன் என்ன?

1974-க்குப் பிறகு மூடிய வெளிநாட்டுக் கதவுகள் திறந்து எரிபொருள் கிடைத்தது, அதுதான் பெரிய பலன். ஒப்பந்தத்துக்கு முன்னால் யுரேனியப் பஞ்சத்தில் உலைகள் பாதித் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு ரஷ்யா, கஜகஸ்தான், கனடா என்று இறக்குமதி வந்தது. பதிலுக்கு 14 உலைகளைச் சர்வதேசக் கண்காணிப்பில் வைத்தோம். கல்பாக்கம் அதில் இல்லை.

அமெரிக்க, பிரெஞ்சு உலைகள்தான் வரவே இல்லை. போபாலை மறக்காத நாடாளுமன்றம் 2010-ல் இழப்பீட்டுச் சட்டம் போட்டபோது, குறைபாடுள்ள கருவியைக் கொடுத்த நிறுவனத்திடமும் பணம் கேட்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதைப் பார்த்து வெஸ்டிங்ஹவுஸ் ஆந்திராவின் கொவ்வாடாவிலும், பிரெஞ்சு நிறுவனம் மகாராஷ்டிராவின் ஜைதாப்பூரிலும் பேச்சுவார்த்தையோடு நின்றன. 2025 டிசம்பர் சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது, தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. கருவி கொடுப்பவருக்கு நிம்மதி. உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு?

2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்கிறார்களே, நடக்குமா?

2025 பட்ஜெட்டில் சொன்ன இலக்கு அது. சிறிய உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடியும் ஒதுக்கினார்கள். கணக்குப் போடலாம். இன்னும் 91,000 மெகாவாட் வேண்டும். நாமே வடிவமைத்த 700 மெகாவாட் உலைகளாகக் கட்டினால் 130 உலைகள், அதாவது வருடத்துக்கு ஆறு. காக்ராபாரில் இந்த வகையின் முதல் உலைக்கு 2010 நவம்பரில் கான்கிரீட் போட்டு, 2023 ஜூனில் வணிக உற்பத்திக்கு வந்தது. பன்னிரண்டரை வருடம். ராவத்பாட்டாவின் ஏழாவது உலைக்கு ஏறக்குறைய பதினான்கு.

இதே துறை 1984-ல், 2000-க்குள் 10,000 மெகாவாட் என்றது. 2000-ல் கையில் இருந்தது மூன்றாயிரத்துக்கும் குறைவு. கால் நூற்றாண்டு கழித்து இன்றைக்கும் அந்தப் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஹரியானாவின் கோரக்பூர், ராஜஸ்தானின் மாஹி பன்ஸ்வாரா என்று ஒரே வடிவில் பத்து உலைகளை வரிசையாகக் கட்டும் முடிவு நல்ல முடிவுதான். ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கட்டினால் வேகம் கூடும், தென் கொரியா அப்படித்தான் செய்தது. ஒரு லட்சம் வராது என்றே நினைக்கிறேன். முப்பது, நாற்பதாயிரம் வந்தால்கூடப் பெரிய விஷயம்.

சோலார் இவ்வளவு வந்துவிட்டதே, இனி இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2025 தொடக்கத்தில் சோலார் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. அணுசக்தி 2047-ல் தொட நினைக்கும் எண்ணை அது பதினைந்து வருடத்துக்குள் தொட்டுவிட்டது. ஆனால் சோலாரின் ஒரு மெகாவாட்டும் உலையின் ஒரு மெகாவாட்டும் ஒன்று கிடையாது. சோலார் வருடத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குச் சமமாகத்தான் உற்பத்தி தரும், உலை ஐந்தில் நான்கு பங்கு. ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. போடும்போது சூரியன் இல்லை. அதற்கு பேட்டரி வேண்டும், அல்லது நிலக்கரி, அல்லது உலை. பேட்டரி விலை இப்படியே இறங்கினால் இந்தக் கணக்கு மாறும்.

வயதான உலைகளை என்ன செய்வார்கள்?

இந்தியாவில் இதுவரை ஒரு மின் உலையைக்கூட முழுதாகப் பிரித்து எடுத்ததில்லை. ராவத்பாட்டாவின் முதல் உலை 2004-லிருந்து அப்படியே நிற்கிறது. கல்பாக்கத்தின் முதல் உலை 2018 ஜனவரியில் பழுதுக்காக நிறுத்தப்பட்டு, வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. 1969-ல் தொடங்கிய தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளை 2020-ல் நிறுத்தி, இடிக்காமல் குழாய்களை மாற்றிப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள், இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று.